உடலில் அமிலமும் காரமும்

(விழா அரங்கில் நிகழ்த்தப்பெற்ற சொற்பொழிவின் எழுத்து வடிவம்)



இருபத்திரண்டாம் தீர்த்தங்கரர் நேமிநாத பகவானின் இலாஞ்சனம் சங்கு. சங்கு நெடுங்காலமாகக் கிடைத்துவரும் இடங்களுள் இராமநாதபுரம் மாவட்டக் கடற்கரையும் ஒன்று. கீழக்கரை, பெரியபட்டினம், வேதாளை, பாம்பன் ஆகிய ஊர்களின் கடலோர மக்கள் தலைமுறை தலைமுறையாகச் சங்கு குளித்து வாழ்ந்தனர். சென்னை மாகாண மீன்துறையில் பணியாற்றிய ஜேம்ஸ் ஹார்னல் என்னும் ஆங்கிலேயர் இந்தியச் சங்கைப் பற்றியே 1914-இல் தனியொரு நூல் வெளியிட்டார். உயிர்க்கொலை சார்ந்தவை என்பதால் சங்கு குளித்தலும் முத்துக் குளித்தலும் சமண நெஞ்சிற்கு உவப்பானவை அல்ல. எனினும், மூச்சடக்கி மூழ்கிய அம்மக்களின் உடலில் நிகழ்ந்த ஒன்று, எல்லா மனித உடலிலும் எந்நேரமும் நிகழ்வது. உபவாசம் இருப்போரின் உடலில் சற்று மிகுதியாகவே நிகழ்வது. இச்சொற்பொழிவின் பொருள் அதுவே.

முத்துச் சலாபம் நடைபெற்ற காலத்தில், படகிலிருந்து கல் கட்டிய கயிறு கடலில் இறக்கப்படும். குளிப்பவர் அக்கல்லில் கால் பதித்து, 5 முதல் 10 பாகம் ஆழம் வரை ஒரே மூச்சில் இறங்குவார். ஒரு பாகம் என்பது ஏறத்தாழ 6 அடி. அடியில் கைக்கு எட்டிய சிப்பிகளை வாரி இட்டுக்கொண்டு கயிற்றை அசைப்பார். மேலே இருப்பவர் இழுப்பார். கயிறு பிடிப்பவர் மைத்துனராக இருப்பதே வழக்கம் என்றொரு பேச்சு அக்கடற்கரையில் உண்டு. தன் உடன்பிறந்தாள் தாலியிழக்க எவரும் உடன்படமாட்டார் என்பது அதற்குச் சொல்லப்படும் காரணம். நீரடியில் இருக்கும் நேரம் ஏறத்தாழ ஒரு நிமிடம். தேர்ந்தவர்க்கு அதற்குச் சற்று மேல். மன்னார் வளைகுடாவின் இந்தியப் பகுதியில் 1955 முதல் 1961 வரை நடந்த சலாபத்தோடு முத்துக் குளித்தல் பெரிய அளவில் நின்றுபோயிற்று.

மூச்சடக்கி மூழ்குதல் மட்டும் நிற்கவில்லை. பாம்பனை அடுத்த சின்னப்பாலம் முதலிய சிற்றூர்களின் மகளிர், தீவுகளைச் சுற்றியுள்ள ஆழங்குறைந்த கடலில் மூழ்கி, மரிக்கொழுந்துப் பாசியையும் கட்டக்கோரையையும் பறித்து வருகின்றனர். கண்ணுக்குக் கண்ணாடி, கூரிய பாறை கிழிக்காதிருக்க விரல்களில் சுற்றிய துணி, இடுப்பில் ஒரு பை. இவ்வளவே அவர்களுடைய கருவிகள். மரிக்கொழுந்துப் பாசியிலிருந்து அகர் என்னும் பொருள் எடுக்கப்படுகிறது. விலங்கின் எலும்பிலும் தோலிலும் இருந்து எடுக்கும் ஜெலட்டினைத் தொடாத இல்லங்களில், பாலைக் காய்ச்சி உறையவைக்க உதவுவது இந்த அகரே. அவ்வினிப்பை உண்போர் அதன் பின்னுள்ள மூச்சைப் பற்றியும் சற்று அறிதல் தகும்.

நீருள் இருப்பவரை மேலே வரச் சொல்வது எது? காற்றுத் தீர்கிறது, பிராணவாயு குறைகிறது, ஆகவே மூச்சு முட்டுகிறது என்றே பலரும் விடை கூறுவர். அவ்விடை பெரும்பாலும் தவறு. உடலிலுள்ள ஒவ்வோர் உயிரணுவும் உணவை எரித்துக் கரியமில வாயுவை வெளிவிட்டுக்கொண்டே இருக்கிறது. மூச்சு அடங்கியிருக்கும்போது அவ்வாயு போக வழியின்றிக் குருதியில் சேர்கிறது. நீருடன் கூடிய கரியமில வாயு கார்பானிக் அமிலமாகும். கோலி சோடாவின் உறைப்பு அந்த அமிலமே. ஆகவே மூச்சடக்கியவரின் குருதி நொடிக்கு நொடி அமிலமாகிறது. மூளையின் அடிப்பகுதியான முகுளத்திலும் கழுத்துத் தமனிகளிலும் உள்ள உணர்விகள் அதனைக் கண்டு, மூச்சுவிடு என்று வற்புறுத்துகின்றன. சாதாரண வேளையில் 40 மில்லிமீட்டர் பாதரச அழுத்தத்தில் நிற்கும் கரியமில வாயு, 50-ஐ நெருங்கும்போது பெரும்பாலோர்க்கு அத்தவிப்பு அடக்க இயலாததாகிவிடும். ஆக்ஸ்போர்டில் ஹால்டேன், பிரீஸ்ட்லி என்னும் இருவர் 1905-இல் இதனைத் தெளிவாக நிறுவினர். மனிதரின் ஒவ்வொரு மூச்சையும் ஆள்வது பிராணவாயுவின் குறைவைவிடக் கரியமில வாயுவின் மிகுதியே என்பது அவர்கள் கண்ட முடிவு.

இந்த எச்சரிக்கை மணியை ஏமாற்ற ஒரு வழி உண்டு. மூழ்குமுன் வேகமாகவும் ஆழமாகவும் பலமுறை மூச்சுவிட்டால் கரியமில வாயு பெருமளவு வெளியேறிவிடும். பின்பு நெடுநேரம் தவிப்புத் தோன்றாது. இதனால் பிராணவாயு மிகுதியாகச் சேர்ந்துவிட்டது என்று எண்ணுவது பிழை. குருதியின் சிவப்பணுக்கள் இயல்பாகவே நூற்றுக்கு 97 பங்கு பிராணவாயுவால் நிறைந்தவை. எத்தனை முறை இழுத்தாலும் அதற்குமேல் சேர்வது மிகச் சிறிது. விளைவு என்னவெனில், மணி ஒலிக்குமுன்னரே பிராணவாயு தீர்ந்து, நீருக்குள்ளேயே நினைவு தப்பும். ஆழத்திலிருந்து மேலேறுகையில் இடர் இன்னும் மிகும். 10 மீட்டர் ஆழத்தில் இரு மடங்காக இருந்த அழுத்தம் மேற்பரப்பை அடைகையில் பாதியாகிறது; நுரையீரலில் எஞ்சியிருந்த பிராணவாயுவின் அழுத்தமும் உடன் விழுகிறது. கரைக்கு ஓரிரு முழமே இருக்கையில் தேர்ந்த நீச்சல்காரர் மயங்கி அமிழ்வது இதனால்தான். விடுமுறை நாளில் கிணற்றிலும் நீச்சல் குளத்திலும் யார் அதிக நேரம் மூழ்கியிருப்பது என்று போட்டியிடும் சிறுவரின் பெற்றோர் இதனை அறிந்து, வேகமூச்சு விட்டு மூழ்குதலைக் கண்டிப்பாகத் தடுத்தல் வேண்டும். தவிப்பு ஒரு பகையன்று, அது காவல்.

இனி, அமிலம் என்பதும் காரம் என்பதும் யாவை எனச் சுருக்கமாகக் காண்பது நலம். காரம் என்னும் சொல் இங்கே மிளகாயின் உறைப்பைக் குறிக்காது. சவுக்காரம், வெங்காரம் என்னும் சொற்களில் உள்ள காரம் அது. பண்டு துணி வெளுக்க உதவிய உவர்மண்ணில் இருப்பதும் அதுவே. ஒரு நீர்மத்தில் ஹைட்ரஜன் அயனிகள் மிகுந்தால் அமிலம், குறைந்தால் காரம். அவற்றை அளக்கும் பி.எச். என்னும் எண்ணை 1909-இல் டென்மார்க்கைச் சேர்ந்த சோரன்சென் வகுத்தார். தூய நீர்க்கு 7. எலுமிச்சைச் சாறு 2-ஐ ஒட்டியது. எண் குறையக் குறைய அமிலம் மிகும். ஓர் எண் குறைந்தால் அமிலம் பத்து மடங்கு. மனிதக் குருதி 7.35-க்கும் 7.45-க்கும் இடையே, அதாவது காரத்தின் பக்கம் சற்றே சாய்ந்து நிற்கிறது. 7.4 என்பது 7.1 ஆனாலே அமில அயனிகள் இரு மடங்காகிவிடும். 6.8-க்குக் கீழும் 7.8-க்கு மேலும் உயிர் நிலைப்பது அரிது. உடலின் புரதங்களும் நொதிகளும் தம் வடிவத்தால் வேலை செய்பவை. ஹைட்ரஜன் அயனி மிகுந்தால் அவ்வடிவம் திரிகிறது, இதயத் தசை தளர்கிறது, அறிவு மங்குகிறது.

இக்குறுகிய எல்லைக்குள் நிற்கும் உடல் எவ்வளவு அமிலத்தை உண்டாக்குகிறது என்பதைப் பார்த்தால் வியப்பு மேலிடும். ஒரு நாளில் வெளியேறும் கரியமில வாயு 300 லிட்டருக்கும் மேல். அது மூச்சுவழி போய்விடுகிறது. மூச்சுவழி போக இயலாத கந்தக அமிலமும் பாஸ்பாரிக் அமிலமும் உணவின் புரதத்திலிருந்து பிறக்கின்றன. அவற்றின் அளவு உடல் எடையில் கிலோவுக்கு ஏறத்தாழ ஒரு மில்லிமோல். 60 கிலோ எடையுள்ளவர்க்கு நாளொன்றுக்கு 60 மில்லிமோல் என்று கொள்ளலாம். உடலிலுள்ள 40 லிட்டர் அளவான நீரில் இந்த ஒரு நாள் அமிலம் தடையின்றிக் கரைந்துவிடுமானால், பி.எச். எண் 3-க்கும் கீழே சென்றுவிடும். ஆனால் குருதியின் எண் இரண்டாம் தசமப் புள்ளியில்கூட அசைவதில்லை என்றே சொல்லலாம்.

அதனை முதலில் தாங்குவது பைகார்பனேட் என்னும் காரம். பாட நூல்கள் இதனைத் தாங்கல் கரைசல் என்று குறிக்கும், பொருத்தமான பெயர். அமிலம் வந்தவுடன் பைகார்பனேட் அதனைப் பற்றிக்கொண்டு கார்பானிக் அமிலமாகி, உடனே நீராகவும் கரியமில வாயுவாகவும் பிரிகிறது. வாயு மூச்சில் போகிறது, நீர் எஞ்சுகிறது, அமிலம் மறைகிறது. இம்மாற்றத்தை விரைவுபடுத்தக் கார்பானிக் அன்ஹைட்ரேஸ் என்னும் நொதி சிவப்பணுக்களுக்குள் உள்ளது. 1933-இல் கேம்பிரிட்ஜில் அது கண்டறியப்பட்டது. குருதியில் லிட்டருக்கு 24 மில்லிமோல் பைகார்பனேட் இருக்கிறது. கரைந்துள்ள கரியமில வாயு 1.2 மில்லிமோல். இருபதுக்கு ஒன்று என்னும் இவ்விகிதம் நிலைக்கும்வரை பி.எச். 7.4-ஆக நிலைக்கும். முன்னதைச் சிறுநீரகமும் பின்னதை நுரையீரலும் காக்கின்றன என்று சொன்னால் பாதிப் பாடம் முடிந்தது.

இதே தாங்கல் முறை மன்னார் வளைகுடாவின் நீரிலும் உண்டு. கடல்நீரின் பி.எச். 8.1-ஐ ஒட்டியது, அதிலும் கரைந்த கரியமில வாயு பெரும்பாலும் பைகார்பனேட்டாகவே இருக்கிறது. அளவு மட்டும் குறைவு: லிட்டருக்கு ஏறத்தாழ 2 மில்லிமோல். சங்கின் ஓடும், சிப்பியின் ஓடும், மண்டபத்திலிருந்து தூத்துக்குடி வரை வரிசையாக நிற்கும் 21 தீவுகளைச் சூழ்ந்த பவளப் பாறைகளும் அக்கடல்நீரிலிருந்து எடுத்துக் கட்டப்பட்ட சுண்ணாம்பே. தொழிற்சாலைகள் பெருகியதன் பின்னர்க் காற்றிலேறிய கரியமில வாயுவில் ஒரு பங்கைக் கடல் உட்கொண்டு, அதன் பி.எச். உலக அளவில் 8.2-இலிருந்து 8.1-க்கு இறங்கியிருக்கிறது. எண்ணில் இது சிறிது. அமில அயனியின் கணக்கில் நூற்றுக்கு 30 அளவிற்கு மிகுதி. கடலுக்கு நுரையீரலும் இல்லை, சிறுநீரகமும் இல்லை. பாறையும் அடித்தளச் சுண்ணாம்பும் கரைந்துதான் அது மீண்டும் சமன் பெறவேண்டும். அதற்கு ஆயிரக்கணக்கான ஆண்டுகள் செல்லும். மனித உடலிலும் இதற்கொத்த நிகழ்ச்சி உண்டு. சிறுநீரகம் நாட்பட்டுத் தளர்ந்தவரின் உடல், தன் எலும்பின் சுண்ணாம்பைக் கரைத்து அமிலத்தைத் தணிக்கிறது. அவருடைய எலும்பு நலிவதற்குரிய காரணங்களுள் அதுவும் ஒன்று.

நுரையீரல் நிமிடங்களில் வேலை முடிப்பது. சிறுநீரகம் மெல்ல நடப்பது. ஆனால் கணக்குத் தவறாதது. இரு சிறுநீரகங்களும் ஒரு நாளில் 180 லிட்டர் நீரை வடிக்கின்றன. அவ்வடிநீரோடு வெளிவரும் பைகார்பனேட்டைச் சமையலறை ஆப்பசோடாவின் கணக்கில் சொன்னால் 360 கிராம். அதில் ஏறக்குறைய முழுவதையும் சிறுநீரகம் மீட்டுத் திரும்பக் குருதியில் சேர்த்துவிடுகிறது. இஃது இருப்பதைக் காத்தல். அமிலத்தைத் தணிப்பதில் நாள்தோறும் செலவாகும் பைகார்பனேட்டைப் புதிதாக உண்டாக்குதல் இரண்டாம் வேலை. உடலின் நீர்மங்களில், உயிரணுக்களுக்கு வெளியே, கையிருப்பாக உள்ள பைகார்பனேட் 350 மில்லிமோல் அளவே. நாளுக்கு 60 செலவானால், சிறுநீரகம் முற்றும் நின்றவர்க்கு அக்கையிருப்பு ஒரு வாரத்துச் செலவுக்கே காணும்.

சிறுநீர் எவ்வளவு புளித்தாலும் அதன் பி.எச். 4.5-க்குக் கீழே இறங்குவதில்லை. அந்நிலையிலும் அது தனி அயனியாகச் சுமக்கும் அமிலம் மிகச் சொற்பம். ஆகவே சிறுநீரகம் அமிலத்தை ஏற்றியனுப்ப இரண்டு வண்டிகளை வைத்திருக்கிறது. ஒன்று பாஸ்பேட். மற்றொன்று அம்மோனியா, குளூட்டமின் என்னும் புரதக் கூற்றை உடைத்துச் சிறுநீரகமே அதனைச் செய்துகொள்கிறது. பாஸ்பேட் உணவில் வருமளவே கிடைக்கும். அம்மோனியாவோ தேவைக்கேற்ப வளரும்: இயல்பாக நாளுக்கு 40 மில்லிமோல் செல்வது, அமிலம் மிகும் நோயில் 200-க்கும் மேல் செல்லும். ஆனால் அவ்வளவிற்கு ஏற மூன்று முதல் ஐந்து நாள் வேண்டும்.

இவ்விடத்தில் உபவாசத்தோடு தொடர்புடைய பழைய நிகழ்ச்சி ஒன்று நினைக்கத்தக்கது. 19ஆம் நூற்றாண்டின் நடுவில் பிரான்சு நாட்டு உடலியல் அறிஞர் குளோது பெர்னார்டின் ஆய்வுக்கூடத்திற்குச் சந்தையிலிருந்து முயல்கள் கொண்டுவரப்பட்டன. அவற்றின் சிறுநீர் தெளிந்தும் புளித்தும் இருப்பதை அவர் கண்டார். புல் தின்னும் விலங்கின் சிறுநீர் கலங்கலாகவும் காரமாகவும் இருக்கவேண்டும். தெளிவும் புளிப்பும் ஊனுண்ணும் விலங்கிற்கு உரியவை. முயல்கள் நெடுநேரம் உணவின்றி இருந்திருக்கலாம் என்று கருதிய அவர், அவற்றிற்குப் புல் இட்டார். சிறுநீர் மீண்டும் கலங்கிக் காரமாயிற்று. உணவற்ற முயல் தன் சொந்த ஊனையே எரித்து வாழ்கிறது, ஆகவே அந்நேரத்தில் அதுவும் ஓர் ஊனுண்ணியே என்பது அவர் கண்ட விளக்கம். காய், கனி, கீரை ஆகியவற்றின் உப்புகள் உடலில் எரிந்து பைகார்பனேட்டாக மாறுகின்றன. ஆதலால் மரக்கறி உண்போரின் சிறுநீரகத்திற்கு அமிலச் சுமை குறைவு. புலால் உண்ணாத உடலும் உபவாச நாளில் தன் புலாலை ஓரளவு உண்ணவே செய்கிறது என்பதை மட்டும் அறிவியல் ஒளிக்காமல் சொல்லிவிடுகிறது.

கார நீர் என்று பெயரிட்டு அண்மைக் காலமாக விலையுயர்ந்த புட்டிகளும் கருவிகளும் விற்கப்படுகின்றன. குருதியின் அமிலத்தைப் போக்கும் என்பது அவற்றின் விளம்பரம். குடித்த காரம் முதலில் இரைப்பையின் அமிலத்தில் கரையும். கடந்து சென்ற சிறிதும் சிறுநீரில் போய்விடும். குருதி 7.4-ஐ விட்டு அசையாது. அப்பணத்திற்குக் கீரையும் பழமும் வாங்குவது மேல்.

காரத்தை உடல் இழக்கும் நிலை ஒன்றும் உண்டு. அதற்கும் இராமநாதபுரக் கடற்கரையில் ஒரு சான்று இருக்கிறது. மண்டபம் கேம்ப் என்னும் ஊர்ப்பெயரில் உள்ள கேம்ப், 20ஆம் நூற்றாண்டின் முற்பகுதியில் இலங்கை அரசு அங்கு நடத்திய தனிமைப்படுத்தும் முகாமைக் குறிக்கும். பாம்பன் இரயில் பாலம் 1914-இல் திறக்கப்பட்டபின், தேயிலைத் தோட்டங்களுக்குச் செல்லும் தமிழ்த் தொழிலாளர் அம்முகாமில் சில நாள் நிறுத்தப்பட்டு, காலரா, அம்மை போன்ற நோய்கள் இல்லையென்று உறுதியான பின்னரே தனுஷ்கோடிக்கும் தலைமன்னாருக்கும் அனுப்பப்பட்டனர். (1947-இல் தொடங்கப்பட்ட மத்தியக் கடல் மீன்வள ஆராய்ச்சி நிலையம் பின்னர் இயங்கியதும் இதே மண்டபம் கேம்ப்பில்தான்.) அக்காலத்தில் காலராவுக்கு அஞ்சாதார் இல்லை.

காலரா கொல்வது நீரிழப்பால் என்பது பலர் அறிந்தது. அதனோடு காரமும் போகிறது என்பது பலர் அறியாதது. காலரா கண்டவரின் வயிற்றுப்போக்கில் பைகார்பனேட் குருதியில் உள்ளதைவிட மிகுதி. 1831-இல் ஓஷாக்னசி என்னும் இளம் மருத்துவர் இங்கிலாந்தில் நோயாளிகளின் குருதியை ஆய்ந்து, நீரும் உப்பும் காரமும் குறைந்திருப்பதை எழுதினார். அவரே பிற்காலத்தில் கல்கத்தாவிற்கு வந்து இந்தியத் தந்திப் பணிக்கு அடிகோலியவர். அடுத்த ஆண்டே தாமஸ் லாட்டா என்னும் மருத்துவர் உப்பும் காரமும் கலந்த நீரைச் சிரையில் ஏற்றிச் சிலரைப் பிழைக்கவைத்தார். பின்னர் அம்முறை பல பத்தாண்டுகள் மறக்கப்பட்டது. 1971-இல் வங்காளதேச அகதிகளிடையே காலரா பரவியபோது, பன்காவ் முகாமில் மருத்துவர் திலீப் மகலநாபிஸ் உப்பும் சர்க்கரையும் சமையல் சோடாவும் கலந்த நீரை வாய்வழியே கொடுத்துப் பெருந்தொகையினரைக் காத்தார். இப்போது மருந்துக் கடைகளில் கிடைக்கும் ஓ.ஆர்.எஸ். பொட்டலத்தில் லிட்டருக்கு 2.9 கிராம் டிரைசோடியம் சிட்ரேட் இருக்கிறது. கல்லீரல் அதனைப் பைகார்பனேட்டாக மாற்றிக்கொள்ளும். இழந்த காரம் அவ்வழியே திரும்புகிறது. வயிற்றுப்போக்கு கண்ட குழந்தைக்கு வெறும் சர்க்கரை நீரோ பழரசப் புட்டியோ அதற்கு ஈடாகாமைக்கு இதுவும் ஒரு காரணம்.

இனி உபவாசம். தசலட்சண பர்வத்திலும் அஷ்டாஹ்னிக நாள்களிலும் சமண இல்லங்களில் ஏகபுக்தம் முதல் பல நாள் தொடர் உபவாசம் வரை நிகழ்கின்றன. உணவு நின்ற சில மணி நேரத்தில் கல்லீரலின் சர்க்கரைச் சேமிப்பு கரையத் தொடங்கி, ஒரு நாளில் பெரும்பாலும் தீர்ந்துவிடும். பின்பு உடல் கொழுப்பை எரிக்கிறது. கல்லீரல் கொழுப்பிலிருந்து கீட்டோன் எனப்படும் அமிலங்களைச் செய்து மூளைக்கும் இதயத்திற்கும் அனுப்புகிறது. மூளை சர்க்கரையை மட்டுமே எரிக்கும் என்னும் பழைய எண்ணம், அமெரிக்காவில் ஜார்ஜ் கேஹிலும் அவர்தம் குழுவினரும் 1967-இல் வெளியிட்ட ஆய்வால் மாறியது. நெடு உபவாசத்தில் மூளையின் எரிபொருளில் பெரும்பங்கு கீட்டோனே. உபவாசிகளின் வாயில் பழம் கனிந்தாற்போன்ற மணம் வருவது இவ்வமிலங்களோடு பிறக்கும் அசிட்டோனால்.

நலமுள்ளவரின் உடலில் ஒரு நாள் உபவாசத்தால் குருதியில் சேரும் கீட்டோன் லிட்டருக்கு ஒரு மில்லிமோல் அளவை ஒட்டியே நிற்கும். வாரக்கணக்கில் நீண்டால் 5, 6 வரை ஏறும். பைகார்பனேட் சற்றுக் குறையும். மூச்சு சிறிது ஆழமாகும். சிறுநீரகம் அம்மோனியாவைப் பெருக்கும். சமன் குலையாது. அந்த எல்லையை மீறாமல் பிடித்து நிறுத்துவது சிறிதளவு சுரந்துகொண்டே இருக்கும் இன்சுலின். அது கல்லீரலின் கீட்டோன் உற்பத்திக்குப் போட்ட கடிவாளம்.

கடிவாளம் இல்லாதவர்க்கு நிலைமை வேறு. இன்சுலின் சுரப்பே அற்ற முதல் வகை நீரிழிவு உடையவர், உபவாசம் என்று எண்ணி ஊசியை நிறுத்தினால், கீட்டோன் 10-ஐக் கடந்து 20-ஐயும் எட்டும். பைகார்பனேட் தீரும்; பி.எச். 7.3-க்கும் கீழே விழும். அப்போது நுரையீரல் கரியமில வாயுவை விரட்டிச் சமன் செய்ய முயலும். ஓடி வந்தவர்போல, ஆனால் படுத்த படுக்கையாக, ஆழ்ந்தும் விரைந்தும் ஓயாமல் மூச்சு வாங்கும். ஜெர்மானிய மருத்துவர் குஸ்மால் 1874-இல் விவரித்த மூச்சு அது. கடலில் மூழ்கியவரைத் தவிக்கவைக்கும் அதே உணர்விகளே இங்கும் மணியடிக்கின்றன. மூழ்கியவர் நீர்மேல் வந்து ஒரு மூச்சு விட்டால் மணி அடங்கும். இவர்க்கோ எத்தனை மூச்சு விட்டாலும் அடங்காது. விரதக் களைப்பு என்று விசிறிக்கொண்டிருக்கும் நேரமன்று அது. மருத்துவமனைக்கு விரையவேண்டும்.

இரண்டாம் வகை நீரிழிவு உடையோர்க்கு அண்மைக் காலத்தில் புதியதோர் இடர் சேர்ந்திருக்கிறது. டாபாகிளிஃப்ளோசின், எம்பாகிளிஃப்ளோசின், கானாகிளிஃப்ளோசின் என்று "கிளிஃப்ளோசின்" எனப் பெயர் முடியும் மாத்திரைகள் இன்று பரவலாகத் தரப்படுகின்றன. சர்க்கரையைச் சிறுநீரில் வெளியேற்றுவன அவை. இதயத்திற்கும் சிறுநீரகத்திற்கும் நன்மை செய்வன. ஆனால் அவற்றை உண்டுகொண்டே உணவை நிறுத்தினால் கீட்டோன் அமிலம் பெருகக்கூடும். அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டுத் துறை 2015-இல் இதனை எச்சரித்தது. இதில் வஞ்சகம் யாதெனில், குருதிச் சர்க்கரை 200-க்குக் கீழேயே இருக்கலாம். வீட்டிலுள்ள சர்க்கரைக் கருவி எல்லாம் நலமென்றே காட்டும். குமட்டல், வயிற்றுவலி, அசதி, ஆழ்ந்த மூச்சு ஆகியவை மட்டுமே அடையாளம். சிறுநீரகம் தளர்ந்தவர் நீரும் அருந்தாது உபவாசம் இருந்துகொண்டு மெட்ஃபார்மின் உண்பதும் வேறொரு வழியில், லாக்டிக் அமிலத்தால், தீங்கு தரும். கருவுற்ற தாய்மார்க்கும் பாலூட்டும் தாய்மார்க்கும் கீட்டோன் மற்றவரினும் மிக விரைவில் ஏறுகிறது.

இவர்களெல்லாம் விரதம் ஏற்குமுன், பர்வம் தொடங்குவதற்குச் சில நாள் முன்னதாகவே, மருத்துவரிடம் தம் விரதத்தின் தன்மையை ஒளிக்காது சொல்லவேண்டும். இரவில் நீரும் அருந்துவதில்லை என்பதைப் பலர் மருத்துவரிடம் சொல்வதே இல்லை, அவரும் கேட்பதில்லை. எந்த மாத்திரையை எத்தனை நாள் முன் நிறுத்துவது, இன்சுலினை எவ்வளவு குறைப்பது என்பவை அவர் வகுக்கவேண்டியவை. தாமாகக் கூட்டவோ நிறுத்தவோ கூடாது. சோடச பாவனைகளுள் சக்திக்கேற்ற தவம் என்பதும் ஒன்றாக வைக்கப்பட்டிருக்கிறது. உணவு நீத்தலன்றியும் தவத்திற்குப் பல முகங்கள் உள்ளன. முதியோர் சிலர் இளையோரின் தடுப்பை மீறி உபவாசம் ஏற்பதும், பின்பு மருத்துவமனையில் அதனை மறைப்பதும் உண்டு. மறைத்தால் மருத்துவர் காய்ச்சலுக்கும் செரியாமைக்கும் மருந்து தேடிக்கொண்டிருப்பார்.

பாரணையைப் பற்றியும் ஒரு சொல். ஆதிநாத பகவானுக்கு அஸ்தினாபுரத்தில் சிரேயாம்ச மன்னன் கரும்புச்சாறு அளித்த வரலாற்றை அட்சய திருதியை நாளில் எல்லா இல்லங்களும் நினைக்கின்றன. உபவாசத்தின் முடிவில் சர்க்கரை குருதியில் ஏறியதும் இன்சுலின் சுரந்து, கல்லீரலின் கீட்டோன் உற்பத்தி சில மணி நேரத்தில் அடங்கும். குருதியிலுள்ள கீட்டோன்கள் எரிந்து, அவற்றைத் தணிக்கச் செலவான பைகார்பனேட் திரும்பக் கிடைக்கும். ஆனால் பல நாள் தொடர்ந்து உபவாசம் இருந்தவர்க்கு அதே இன்சுலின், குருதியின் பொட்டாசியத்தையும் பாஸ்பேட்டையும் உயிரணுக்களுக்குள் திடீரென இழுத்துக்கொள்ளும். இதயத் துடிப்பு தடுமாறக்கூடும். ஆகவே பாரணை நாளில் இனிப்பும் சோறும் நிறையப் பரிமாறாது, இரு கை ஏந்தும் அளவினதாய்த் தொடங்கி, இரண்டு மூன்று நாளில் சிறுகச் சிறுக உணவைக் கூட்டுதல் வேண்டும். உபவாசம் ஒரு வாரத்தைக் கடந்திருந்தால், பாரணைக்கு முன்னரே ஒருமுறை குருதியில் பொட்டாசியம், பாஸ்பேட், பைகார்பனேட் ஆகிய மூன்றையும் அளந்து பார்ப்பது நலம்.